தவளை அக்காவின் பெயர்

எங்கள் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாகத் தவளைகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். தவளை அக்கா என்போம், கோபித்துக்கொள்ள மாட்டார். பட்டம் கிடையாது. ஆனால் முட்டைகளைத் தட்டில் கொட்டியதும் எது தேறும், எது தேறாது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான். அந்தத் திமிரோடு போனவன் முதல் வாரமே அவரிடம் அடங்கிவிட்டேன்.

தவளை முட்டைகளை வேகமாகச் சுழற்றினால் ஒரு சாறு பிரியும். அதில் டிஎன்ஏவை விட்டால் அதைச் சுற்றி உட்கரு தானாகவே கட்டிக்கொள்ளும். பிறகு டிஎன்ஏ தன்னைப் படியெடுக்கும். உட்கருவின் உட்சுவரில் வலைபோல் பின்னியிருக்கும் புரதம் லாமின். அதை எடுத்துவிட்டால் உட்கரு பேருக்கு உருவாகும், படியெடுப்பு நடக்காது. இது பழைய செய்திதான். லாமினைத் திரும்பச் சேர்த்தால் எத்தனை நிமிடம் வரைக்கும் படியெடுப்பு மீளும் என்று மூன்று வருடம் உட்கார்ந்து குறித்தவர் அக்கா.

கட்டுரை வந்தது. ஆய்வகத் தலைவரான டாக்டரின் பெயர் மட்டும். அக்கா கேட்கப் போனார்.

"நீங்க தவளையத்தானேக்கா பாத்துக்கிட்டீங்க? ஆராய்ச்சி என்னுது."

அக்கா திரும்பி வந்து தொட்டி கழுவினார். அன்று தொட்டி படாத பாடு பட்டது.

டாக்டரின் பதவி உயர்வுக்காக ஒரு குழு வந்தது. சோதனையைக் கண்ணெதிரே செய்யச் சொன்னார்கள். அக்கா துரோகம் எதுவும் செய்யவில்லை. பொறுக்கியெடுத்த நல்ல முட்டைகளையே கொடுத்தார். லாமினைப் பிடித்து இழுக்கும் நுண்மணிகளைச் சாற்றில் போட்டு எடுக்க வேண்டும். அக்கா எப்போதும் புது மணிகளைப் போட்டு இன்னொரு தடவையும் எடுப்பார். ஒரு நாளாவது பக்கத்தில் நின்றிருந்தால் டாக்டருக்கு அது தெரிந்திருக்கும். அவர் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டார். மிச்சமிருந்த லாமினே படியெடுப்புக்குப் போதுமானதாயிற்று. படியெடுப்பு நடந்தால் ஒளிரும் சாயம் சேர்த்திருந்ததால், இருட்டாக இருக்க வேண்டிய சொட்டு நுண்ணோக்கியில் பளபளவென்று ஒளிர்ந்தது. குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டாக்டர் அக்காவைப் பார்த்தார். "எங்க தப்பு?"

"எனக்கென்ன சார் தெரியும். நான் தவளை பாக்குறவ."

எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் டாக்டரே தவளை அறைக்கு வந்தார். அந்த வாடையில் அவர் நின்று நாங்கள் பார்த்ததில்லை. பெயரைச் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். அச்சில் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று அக்கா முட்டை பொறுக்கப் போய்விட்டார். இரண்டு மாதம் கழித்துத் திருத்தம் வந்தது, அக்காவின் பெயரோடு. குழு மறுபடி வந்தது. அக்கா செய்தார், ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு டாக்டர் நிற்க வேண்டியதாயிற்று. லாமினை எடுத்த சொட்டில் இருட்டு, திரும்பச் சேர்த்த சொட்டில் ஒளி. குழுத்தலைவி அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எல்லோரும் போனதும் டாக்டர் மெதுவாகக் கேட்டார். "இப்பத் திருப்திதானே?"

"இல்ல சார்," என்றார் அக்கா, கையுறையைக் கழற்றியபடி. "இதுக்கு முந்தி ரெண்டு கட்டுரை இருக்கு."