தேவயானியின் பின்னந்தலை

என் சின்ன மகள் தேவயானி சென்னையில் தங்கி ஒரு பெரிய வாத்தியக் குழுவை நடத்துகிறாள். நாற்பது பேர் வயலினும் குழலும் வாசிப்பார்கள். இவள் அவர்களுக்கு முன்னால் நின்று சின்னக் குச்சியை ஆட்டுவாள். கையில் வாத்தியம் கிடையாது. எங்கள் தெருவில் யாருக்கும் இது புரியவில்லை. ரயில்வேயில் கார்டாக இருந்த அவள் நைனா துளசிங்கத்துக்கு மட்டும் புரிந்தது. "கார்டு எங்க வண்டி ஓட்டறான்? ஆனா அவன் கொடி காட்டலன்னா வண்டி போவாது" என்றார்.

வயலின் கற்றுக்கொண்டது எங்கள் ஊர் அரக்கோணத்தில். பிறகு தினமும் லோக்கல் வண்டியில் சென்னைக்குப் போய் இதே குழுவில் சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்தாள். கூட்டத்தில் ஒரு ஆள் உட்கார இடம் கிடைத்தால் வயலினை உட்கார வைத்துவிட்டு அவள் நின்றுகொண்டு வருவாள். பதினாறு வருஷம் வாசித்தும் கடைசி வரிசைதான். ஒருநாள் குச்சி ஆட்டுகிறவருக்குக் காய்ச்சல். யாருக்கு எந்த இடத்தில் வாசிப்பு என்று முழுதாகத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். கடைசியில் உட்கார்ந்தவளுக்குத்தானே எல்லோரும் தெரிவார்கள்! அன்றைக்கு இவள் நின்றாள். அதற்குப் பிறகு அவர் வராத நாளெல்லாம் இவளைத்தான் கூப்பிட்டார்கள்.

போன வருஷம் அவர் விலகிக்கொண்டார். குழுவின் மேனேஜர் கோதண்டபாணி, "ஒரு கச்சேரி முழுசா நீங்க நடத்துங்க மேடம். நல்லா வந்தா அந்த இடம் உங்களுக்கு. இல்லன்னா பழைய நாற்காலிதான்" என்று சொல்லிவிட்டார்.

இதில் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். அழைப்பிதழில் அவள் பேர் அச்சானால் முடி காணிக்கை தருவதாகத் திருத்தணி மலையில் வேண்டிக்கொண்டிருந்தேன். என் முடி அப்போதுதான் துளசிங்கத்தின் ஆபரேஷனுக்காகப் போயிருந்தது. அதனால் அவள் முடியைச் சொன்னேன். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. சாமிக்குக் கொடுப்பதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

பேர் அச்சாகி வந்ததும் போன் போட்டுச் சொன்னேன்.

"அம்மா! கச்சேரி ஞாயித்துக்கிழமை!"

"அதான் வியாழக்கிழமையே வந்துடு."

"கச்சேரி முடிஞ்சு அடிச்சுக்கறேன்மா. இல்லன்னா பூமுடி கொடுக்கறேன், மூணு இழை வெட்டினா போதும்."

"நான் மூணு இழைன்னா வேண்டிக்கினேன்? பேர் வந்துடுச்சு. அவரு வேலைய அவரு முடிச்சுட்டாரு."

"சனங்க கச்சேரி பூரா என் முதுகைத்தான் பாத்துகினு இருக்கும். என் பொழப்பே இதுலதான் இருக்குது, தெரியுமா உனக்கு?"

"தெரிஞ்சுதான் வேண்டிக்கினேன்."

போனை வைத்துவிட்டாள். வரமாட்டாள் என்றார் துளசிங்கம். வியாழக்கிழமை முதல் வண்டியில் வந்து இறங்கினாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. சரவணப்பொய்கைக் கரையில் மொட்டை அடிக்கிறவர் முன்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்த பிறகுதான் வாய் திறந்தாள். "பதினாறு வருஷமா என் மூஞ்சியவே யாரும் பாக்கல. பின்னந்தலையப் பாத்து இன்னா பண்ணப் போறாங்க? அடிங்கண்ணா." நான் சந்தனத்தைக் கெட்டியாகப் பூசினேன்.

கோதண்டபாணி ஒத்திகைக்கு ஒரு டோப்பா வாங்கி வந்தார். இவள் தலையை ஆட்டின வேகத்துக்கு டோப்பாவின் பின்னல் முன்பக்கம் வந்துவிட்டது. வயலின்காரர்கள் சிரித்ததில் வாசிப்பு நின்றது. கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் துளசிங்கமும் மூன்றாவது வரிசையில் இருந்தோம். புதுசாகச் சந்தனம் பூசி மஞ்சளாய் ஒரு மொட்டைத் தலை வந்து எங்களுக்கு முதுகு காட்டி நின்றது. பக்கத்தில் ஒரு அம்மா "ஐயோ பாவம், உடம்பு சரியில்லையோ?" என்றாள். "உடம்புக்கு ஒண்ணும் இல்ல. திருத்தணி" என்றேன். தேவயானி கையைத் தூக்கினாள். நாற்பது பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். கை இறங்கியதும் ஒரே சத்தமாகப் புறப்பட்டது. துளசிங்கம் "கரெக்ட் டைம்" என்றார்.

கடைசியில் சனம் எழுந்து நின்று கைதட்டியது. அந்த இடம் அவளுக்கே ஆனது. அடுத்த கச்சேரி போஸ்டரில் கோதண்டபாணி அந்தச் சந்தனத் தலையைப் பின்னாலிருந்து எடுத்த படத்தையே போட்டுவிட்டார். அதற்குள் முடி இரண்டு விரல்கடை வளர்ந்திருந்தது.

"அம்மா, மறுபடியும் மொட்டை அடிக்கச் சொல்றாரு கோதண்டபாணி சார். போஸ்டர் மாதிரியே இருக்கணுமாம்."

"வேண்டுதல் ஏதாச்சும் பாக்கி இருக்குதா?"

"இல்ல."

"அப்போ அவர அடிச்சுக்கச் சொல்லு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.