ஏரிக்கரை ஸ்டாப்பில் இறங்கிய இருபத்து மூன்று பேர்

பிரபா பஞ்சாயத்து மெம்பரானது பதினோரு ஓட்டு வித்தியாசத்தில். அவளுக்கு ஒதுக்கப்பட்ட சின்னம் கேரம் போர்டு. எதிர்த்து நின்ற பெண்மணிக்குத் தையல் மெஷின். பெங்களூர் பீன்யாவில் பன்னிரண்டு வருஷம் கார்மெண்ட் ஃபேக்டரியில் வேலை பார்த்தவளுக்குக் கிடைக்க வேண்டிய தையல் மெஷின், ஊசியில் நூல் கோக்கத் தெரியாத ஒருத்திக்குப் போனதே என்று ஜெயித்த பிறகும் அவளுக்கு ஆறவில்லை.

பிறந்து வளர்ந்தது, கல்யாணமானது எல்லாம் ஸ்ரீராம்புரத்தில். அங்கே அவர்கள் குடியிருந்த சந்து ரோடு விரிவாக்கத்துக்குப் போனபோது, அரசாங்கம் அத்தனை பேருக்கும் வடக்கே வீடு கட்டிக் கொடுத்தது. வடக்கே என்றால், எலஹங்காவைத் தாண்டி இன்னும் பதினான்கு கிலோமீட்டர். சாமான் ஏற்றிய லாரி போய்க்கொண்டே இருந்ததைப் பார்த்து அவள் புருஷன் கோவிந்தன், "ஏம்ப்பா, ஆந்திரா பார்டர் வந்தா எழுப்பு" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு மெத்தைச் சுருட்டின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான். சுவருக்குச் சுண்ணாம்பும் பெயிண்டும் அடிக்கிற தொழில் அவனுக்கு. எந்தச் சுவரையும் அவசரப்பட்டுப் பார்க்க மாட்டான்.

காலனியில் ஆறு பிளாக், தொண்ணூற்றாறு வீடு. தரையில் டைல்ஸ், தனித்தனிக் கக்கூஸ், ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். குறை சொல்ல முடியாது. பஸ் மட்டும் கிடையாது. மூன்று கிலோமீட்டர் தள்ளி சிக்ககுட்டஹள்ளி என்கிற கிராமத்தில்தான் பஸ் கிளம்புகிற இடம். மல்லேஸ்வரத்தில் வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள், முன்பு ஸ்ரீராம்புரத்திலிருந்து நடந்தே போய் வந்தவர்கள், இப்போது ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேரோடு பத்தாவது ஆளாகத் தொங்கி எலஹங்கா போய், அங்கிருந்து பஸ் பிடித்தார்கள்.

மெம்பரான முதல் மாதமே பிரபா பஸ்ஸுக்கு மனு எழுதினாள். பஞ்சாயத்துத் தலைவர் முனிராஜு அதை மரியாதையாக வாங்கி, மேஜை டிராயரில் வைத்தார். இரண்டாவது மனுவையும் அப்படியே வைத்தார். ஏழாவது மனுவுக்கு டிராயரில் இடம் போதாமல் கையால் அமுக்கினார்.

"ஆகலாம்மா, ஆகலாம். கொஞ்சம் பொறுங்க" என்பார். சிக்ககுட்டஹள்ளிக்காரர், கன்னடக்காரர். ஆனாலும் பிரபாவிடம் தமிழில் பேசுவார். அந்தத் தமிழில் 'பொறுங்க' என்ற வார்த்தைதான் சுத்தமாக வரும்.

காரணம் அவளுக்குத் தெரியும். இப்போது பஸ் கிராமத்திலிருந்து காலியாகக் கிளம்புகிறது. ஊர்க்காரர் எல்லோருக்கும் ஜன்னல் சீட்டு. காலனியிலிருந்து கிளம்பினால் கிராமத்துக்கு வரும்போதே நிரம்பி வரும். இதை யாரும் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் அவளே பஸ் டிப்போவுக்குப் போனாள். டிராஃபிக் இன்ஸ்பெக்டர் சித்தலிங்கப்பா நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார், பிறகு ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"உங்க காலனிலேர்ந்து நடந்து வந்து அந்த ஸ்டாப்புல ஏறறவங்க ஒரு நாளைக்கு ஆறு பேரு. ஆறு பேருக்கு பஸ் எப்படிம்மா விடறது? டிமாண்ட் இல்லையே."

"பஸ் வந்தா ஏறுவாங்க சார்."

"ஏறினா பஸ் வரும்மா."

இருவரும் சிறிது நேரம் காபியைக் குடித்தார்கள். அடுத்த மாதம் முதல் திங்கள் தொடங்கி சனி வரை ஒரு கணக்கெடுப்பு இருக்கிறது, ஸ்டாப்பில் ஆள் உட்கார்ந்து ஏறுகிறவர்களை எண்ணுவார், நம்பர் வந்தால் மேலே எழுதுகிறேன் என்று சித்தலிங்கப்பா சொன்னார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது கோவிந்தன் தாடையைச் சொறிந்தான். "அவரு சொல்றதும் நாயம் மாதிரிதான் இருக்குது. அதான் இங்க கஷ்டமே."

 பிரபாவுக்கு ஃபேக்டரி ஞாபகம் வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவர்கள் பார்வையிட வருவார்கள். தொழிலாளிகளின் குழந்தைகளுக்கென்று ஒரு காப்பகம் அங்கே உண்டு. வருஷம் முழுக்க அதில் நூல் பெட்டிதான் அடுக்கியிருக்கும். அவர்கள் வருகிற அன்று காலையில் மட்டும் பெட்டிகள் மறையும், பக்கத்துத் தெருப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் பலூனோடு உள்ளே இருப்பார்கள். வந்தவர்கள் சிரித்து, எண்ணி, எழுதிக்கொண்டு போவார்கள்.  அங்கே பிள்ளைகளும் பொய், காப்பகமும் பொய். இங்கே ஆட்கள் நிஜம், அவர்களுடைய தேவை நிஜம். எண்ணுகிற நாளில் எண்ணுகிற இடத்தில் அவர்கள் இல்லை, அது ஒன்றுதான் குறை.

எண்ணுகிற வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தண்ணீர்த் தொட்டி நிழலில் பெண்களை மட்டும் கூப்பிட்டாள். கர்நாடகத்தில் பெண்களுக்கு பஸ்ஸில் காசில்லை. ஆனாலும் கண்டக்டர் ஒவ்வொருத்திக்கும் மெஷினில் ஒரு இலவச டிக்கெட் அடித்தே ஆக வேண்டும். அந்த மெஷின் எதையும் மறக்காது.

"ஆறு நாளு. எல்லாரும் நடந்து போயி அந்த ஸ்டாப்புல ஏறணும். வேலைக்கிப் போறவங்க வேலைக்கிப் போங்க. மத்தவங்க எங்கயாவது போயிட்டு வாங்க. யாரும் பொய் சொல்லக் கூடாது. எங்க போறேன்னு கேட்டா போற எடத்த சொல்லணும்."

மூன்றாம் பிளாக் முத்தம்மா கையைத் தூக்கினாள். அறுபது வயது, முட்டிவலி, நியாயம் பேசுவதில் யாருக்கும் இளைத்தவள் இல்லை. "நான் எங்கயும் போறதில்லையே பிரபா."

"இனிமே போங்கக்கா."

ஃபேக்டரியில் லைன் செக்கராக இருந்தவள் ஷிஃப்ட் போடுவதில் பிசகுவாளா? முதல் பிளாக் ஆறரை பஸ், இரண்டாவது ஏழு மணி, பால்குடிப் பிள்ளை உள்ளவர்கள் பத்துக்கு மேல். வேலையில்லாதவர்கள் இரண்டாவது ஸ்டாப்பான ஏரிக்கரையில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பி, மறுபடி ஏற வேண்டும்.

திங்கட்கிழமை விடியும்போது மண் ரோட்டில் நாற்பது பெண்கள் வரிசையாக நடந்து வந்ததைப் பார்த்து, கணக்கெடுக்க உட்கார்ந்திருந்த ஆள் ஏதோ போராட்டம் என்று நினைத்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். அவர்களோ பஸ் ஏறினார்கள். டிக்கெட் அடித்து முடிப்பதற்குள் ஏரி வந்துவிட்டது. பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை முத்தம்மா மொச்சைக்காய்ப் பை ஒன்றோடு வந்தாள். போகும்போது உரித்தாள், வரும்போது பருப்பின் தோலை நீக்கினாள். அன்று மட்டும் அவள் ஐந்து தடவை ஏறினாள். புதன்கிழமை கண்டக்டர் அவளைப் பிடித்துக்கொண்டான். கன்னடக்காரப் பையன், பெரியவர்களிடம் குரலை உயர்த்தத் தெரியாதவன்.

"அஜ்ஜி, எல்லி? எங்க போறீங்க?"

"ஏரிக்கு."

"நேத்தும் ஏரியத்தான பாத்தீங்க?"

"நேத்து தண்ணி கம்மி" என்றாள் முத்தம்மா.

அவன் வானத்தைப் பார்த்தான். மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான்.

இதற்குள் சிக்ககுட்டஹள்ளி புழுங்க ஆரம்பித்துவிட்டது. கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் படியில் தொங்கினார்கள். பூ விற்கப் போகிறவர்களின் கூடைக்கு இடமில்லை. முனிராஜுவின் மனைவி, பஸ்ஸில் எப்போதும் டிரைவருக்குப் பின்சீட்டு அந்த அம்மாவுக்குத்தான், எலஹங்கா வரை நின்றுகொண்டே போனாள். பக்கத்தில் நின்ற பிரபா அந்த அம்மாவின் பையைத் தான் வாங்கி வைத்துக்கொண்டு, வழி முழுக்க மகள் கல்யாணத்தைப் பற்றி விசாரித்தாள். உண்மையான அக்கறையோடுதான் விசாரித்தாள். அந்த அம்மா வீட்டுக்குப் போய் என்ன சொன்னாளோ, மறுநாள் காலை முனிராஜுவின் பைக் காலனிக்குள் வந்தது. ஓட்டு எண்ணியதற்குப் பிறகு அது அங்கே வருவது அதுதான் முதல் தடவை.

"மெம்பரம்மா, என்ன இது? எங்க பஸ்ஸுல எங்களுக்கே எடமில்ல."

"எங்களுக்கு வேற பஸ் ஏதுங்கண்ணா? நாங்க என்ன, ஆசைப்பட்டா மூணு கிலோமீட்டர் நடக்கறோம்?"

முனிராஜு பைக்கை ஆஃப் செய்தார். மாடியில் காய்கிற துணிகளை, தண்ணீர்த் தொட்டியை, தன்னையே பார்த்துக்கொண்டு நிற்கிற பெண்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "உங்களுக்குன்னு தனியா ஒரு பஸ் வந்தா, அது எங்க ஊருல நிக்கத் தேவையில்ல இல்ல?"

"நிக்கவே வேணாங்கண்ணா."

அன்று மத்தியானமே தீர்மானம் தயாராகி, அவர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கியது. பழைய ஏழு மனுவையும் டிராயரிலிருந்து எடுத்து இணைப்பாகச் சேர்த்தார். எத்தனை வருஷமாக நான் இதற்குப் பாடுபடுகிறேன் தெரியுமா என்று பஞ்சாயத்துச் செயலாளரிடம் அவர் சொன்னது பிரபாவின் காதிலும் விழுந்தது. அவள் தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணி பஸ்ஸில்தான் வினை. சித்தலிங்கப்பாவே ஏறிவிட்டார். சாதா சட்டை, கையில் ஒரு பை, கடைசி சீட்டு. பிரபா முன்னால் நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும், இரண்டு பேரை அனுப்பி எல்லோரையும் எலஹங்கா வரை வரச் சொல்லலாமா என்று யோசித்தாள். அதற்குள் ஏரிக்கரை வந்துவிட்டது. பழக்க தோஷம், இருபத்து மூன்று பேரும் இறங்கிவிட்டார்கள். முத்தம்மா இறங்கும்போது அவரிடமே, "கொஞ்சம் கால எடுத்துக்கங்க சாமி" என்றாள்.

சித்தலிங்கப்பாவும் இறங்கினார்.

அங்கே கடையில்லை, வீடில்லை. ஒரு கரை, அதன்மேல் இரண்டு புங்க மரம், பாதி வற்றிய தண்ணீர், நாலு கொக்கு. பஸ் போன புழுதி அடங்கியது.

"இங்க என்னம்மா வேல, இத்தன பேருக்கு?" என்றார் அவர்.

முத்தம்மா வாயைத் திறந்தாள். பிரபா முந்திக்கொண்டாள். பொய் சொல்லக் கூடாது என்று ஊருக்குச் சொன்னவள் தானே.

"ஒரு வேலையும் இல்ல சார். இவங்க எல்லாம் அடுத்த பஸ்ஸுல திரும்பி வந்து மறுபடி ஏறுவாங்க. ஆனா காலைல ஆறரை, ஏழு, ஏழரை பஸ்ஸுல ஏறி எலஹங்கா வரைக்கும் போனவங்க நெசமாவே வேலைக்கிப் போறவங்க. அறுபத்தோரு பேரு. எந்த வீட்டுக்கு, எந்தத் தெருவுக்குன்னு பேரோட எழுதி வெச்சிருக்கேன். அவங்க போன வாரம் வரைக்கும் ஆட்டோவுல தொங்கினாங்க, அதான் உங்க கணக்குல வரல. இவங்களையெல்லாம் வேணும்னா அடிச்சிருங்க சார். அந்த அறுபத்தோரு பேர அடிக்காதீங்க."

கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கி, மர நிழலுக்குப் போய் நின்று, ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ், பதினைந்தாவது கிராஸ், மார்க்கெட் பின்புறம். அவள் கையெழுத்து ஃபேக்டரி ரிஜிஸ்டர் மாதிரி, கட்டம் தாண்டாது.

"என்கிட்ட எண்ணித்தான் எழுதச் சொல்லியிருக்காங்க. ஏறினவங்க எங்க எறங்கினாங்கன்னு எழுதச் சொல்லல" என்றார் கடைசியில். பிறகு முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமில்லாமல் சிரித்தார். அடுத்த பஸ் வர நாற்பது நிமிஷம் ஆனது. அதுவரை எல்லோரும் மர நிழலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். முத்தம்மா அவருக்கு ஒரு கை மொச்சை கொடுத்து, சும்மா இருக்கிற நேரத்தில் உரிக்கச் சொன்னாள். அவரும் உரித்தார்.

மூன்று மாதம் கழித்து பஸ் வந்தது. நாளைக்கு நான்கு டிரிப். ஃபிளெக்ஸ் பேனரில் முனிராஜுவின் படம் ஆளுயரத்துக்கு, பிரபாவின் படம் தீப்பெட்டி அளவுக்கு. முனிராஜு தேங்காய் உடைத்து, இந்த நாளுக்காகத்தான் நான் பிறந்தேன் என்கிற ரீதியில் பேசினார். பிரபா கைதட்டினாள்.

அடுத்த நாள் காலை ஆறு பத்து பஸ்ஸில் ஏறியவர்கள் ஒன்பது பேர்.

பிரபாவுக்குத் தலை சுற்றியது. ஆட்டோவுக்கு மாதக் காசு முன்பணமாகக் கட்டியாயிற்று, மாதம் முடியட்டும் என்றார்கள் சிலர். பஸ் சத்தம் கேட்டாலே கால் வலிக்கிறது என்றார்கள் மற்றவர்கள். ஒரு வாரம் அவள் மாடிக்கு மாடி ஏறி இறங்கிக் கதவைத் தட்டினாள். கோவிந்தன், ஆண்பிள்ளை, காசு கொடுத்து டிக்கெட் எடுக்கிறவன், அந்த வாரம் வேலைக்குத் தினமும் அந்த பஸ்ஸிலேயே போனான். "நான் ஒருத்தன்தான் இந்த வண்டிக்கி வருமானம்" என்று கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டான்.

மாதம் பிறந்ததும் கூட்டம் தானாக வந்தது. பத்தாவதோடு நின்றிருந்த மூன்று பெண்கள் எலஹங்காவில் காலேஜ் சேர்ந்தார்கள். பஸ் கிராமத்தில் நிற்கக் கூடாது என்று முனிராஜு கேட்டிருந்தாரே, அது இரண்டே வாரம்தான் நடந்தது. அவர் மனைவியே நடுரோட்டில் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள். காலனிப் பெண்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, இன்னும் வடக்கே குவாரிப் பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் பிரபாவைத் தேடி வந்தார்கள். தங்கள் ஊரில் ரேஷன் கடையே இல்லை, எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது என்றார்கள். கோவிந்தன் டீ போடப் போனான். பிரபா புது நோட்டு ஒன்றை எடுத்து, நடுவில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, "மொதல்ல உங்க ஊருல எத்தன பேருன்னு சொல்லுங்க" என்றாள்.