கடைசி நாற்பது நிமிடம்

என் கணவர் கப்பலில் வேலை செய்கிறார். ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது வீடியோ கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து டிவியில் பூட்டினார். அவர் திரும்பிப் போன பிறகு பெட்டி எனக்கு ஆனது. உன்னிச்சைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் நான் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஸ்கூட்டியில் வாவிக்கரை வீட்டுக்கு வந்து சேர மூன்று மணியாகும். சாப்பிட்டுவிட்டு ஐந்து மணி வரைக்கும் விளையாடுவேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நானும் மாமியும் மட்டும்தான், அதாவது என் கணவரின் தாய்.

மாமி மிட்வைஃபாக இருந்து ஓய்வு பெற்றவர். சைக்கிளிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் ஊர் ஊராகத் திரிந்து பிள்ளைப்பேறு பார்த்தவர். எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், ஒரு பெண் இறந்தாலும் குளிப்பாட்டி உடுத்தி விட அவரைத்தான் கூப்பிடுவார்கள். எந்தக் கோயிலுக்குப் போகிற வீடு என்று பார்க்காமல் போவார். எனக்கும் அவருக்கும் சண்டை இருந்ததில்லை. பேச்சும் அவ்வளவு இருந்ததில்லை.

ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து மாமியின் வலது மணிக்கட்டு உடைந்தது. பிளாஸ்டர் போட்ட கையோடு சமையலறையில் ஒன்றும் செய்ய முடியாமல், பின்னேரங்களில் என் பின்னால் கதிரையைப் போட்டு இருக்கத் தொடங்கினார்.

"என்ன புள்ள, இவள் நெடுக நடந்துகொண்டே இருக்காள். அந்த ஊருல பஸ் இல்லையா?"

இல்லை. அந்தக் கேம் நடக்கிற நாடு ஒரு குளிர்மலை நாடு. ஒரு பெண் கோவேறு கழுதைகளில் உப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலைகளைத் தாண்டிப் போகிறாள். வழி காட்ட, கண் தெரியாத கிழவர் ஒருவர் கூடவே வருகிறார். அவருடைய உள்பையில் முத்திரை வைத்த கடிதம் ஒன்று இருக்கிறது. யாருக்கு என்று கேட்டால் சொல்லமாட்டார். உப்புக்காரர்களை யாரோ காட்டிக்கொடுத்து ஒரு ஊரே எரிந்திருக்கிறது. அது யார் என்றும் தெரியாது. இந்த இரண்டு கேள்விகளுக்காகத்தான் நான் விளையாடினேன்.

மாமிக்குக் கதை வேண்டியிருக்கவில்லை. அவர் பாதையைப் பார்த்தார். "அதால போகாத, கல் இளகிக் கிடக்கு" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். பிளாஸ்டர் வெட்டிய பிறகு விரல்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். மாமி கையை நீட்டி, "அந்த ரிமோட்டத் தா" என்றார். அதிலிருந்து நடக்கிற வேலை அவருக்கு, கதைக்கிற இடங்களை மொழிபெயர்க்கிற வேலை எனக்கு. களைத்த நாட்களில் நான் பாதியை விட்டுவிட்டுத்தான் சொன்னேன்.

கிழவர் மாமாவைப் போல இருக்கிறார் என்று மாமி ஒருநாளும் சொன்னதில்லை. போலவும் இல்லை. மாமா, என் கணவரின் தகப்பன், பருத்த மனிதர், பஸ் சாரதி. வீட்டுக்குள் கதைத்தாலும் தெருவுக்குக் கேட்கும். அந்தக் கிழவர் மெலிந்தவர், சாப்பாட்டைப் பற்றி மட்டும் முணுமுணுப்பவர். மாமிக்கு அவரில் பெரிய பிரியமும் இருக்கவில்லை. "கிழவனுக்கு வாய் கூட" என்பதோடு சரி.

கடைசி அத்தியாயத்துக்கு வந்தது ஒரு சனிக்கிழமை காலை. இந்தக் கேமின் முடிவைப் பற்றி ஆட்கள் கோபப்பட்டு எழுதியிருந்ததை இணையத்தில் கண்டிருந்தேன். என்ன முடிவு என்று தெரிந்துவிடக் கூடாதென்று உள்ளே போய் வாசிக்கவில்லை. ஏதோ பெரிய துரோகம் வெளிவரப் போகிறது என்று நினைத்து, அன்று ரிமோட்டை நானே எடுத்துக்கொண்டேன்.

விடிகிறது. அந்தப் பெண் கிழவரைக் கூப்பிடுகிறாள். மூன்று முறை கூப்பிடுகிறாள். கிழவர் எழும்பவில்லை. சண்டை இல்லை, நஞ்சு இல்லை. நித்திரையிலேயே போய்விட்டார். அதன் பிறகு திரையில் ஒரே ஒரு வேலை வருகிறது. ஆற்றில் தண்ணீர் எடுத்து அவரைக் கழுவ வேண்டும். ஒரு பட்டனை அழுத்தினால் கொஞ்சம் தண்ணீர். முகம், கை, கால். தாண்டிப்போக வழி இருக்கிறதா என்று எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார்த்தேன். இல்லை.

"தா" என்றார் மாமி.

அவர் அவசரப்படவில்லை. இரண்டு தரம் ஊற்றினால் போதும், கேம் அடுத்ததுக்குப் போக விடும். மாமி ஊற்றிக்கொண்டே இருந்தார். பிறகு கிழவரின் பை திறந்தது. மூன்று உடுப்பு. போன ஊரில் அவருக்காக வாங்கிய புதுக் கம்பளிக் கோட்டு, ஒரு வெள்ளைச் சட்டை, ஒட்டுப் போட்ட பழைய மண்ணிறச் சட்டை.

"கோட்டப் போடுங்க மாமி. அதுதான் விலை கூடினது."

மாமி நெடுநேரம் ஒன்றையும் அழுத்தவில்லை. பிறகு, "புதுசு அரிகண்டம், உடம்பக் கடிக்கும் எண்டு சொன்ன மனிசன்" என்று பழைய சட்டையை எடுத்தார்.

மாமா கொரோனாக் காலத்தில் இறந்தார். மாமிக்கும் தொற்று இருந்தது. அவர் வேறொரு இடத்தில் சிகிச்சையில் இருந்தார். மகன் நடுக்கடலில். நான் இந்த வீட்டில், கேற்றில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டப்பட்டு, வெளியே போக முடியாமல் இருந்தேன். சவப்பெட்டியை மூடி, ஓட்டமாவடிப் பக்கம் அதற்கென்று ஒதுக்கிய நிலத்துக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் பக்கத்தில் போனது என் அண்ணன் மட்டும்தான். தூரத்தில் நின்று பார்த்துவிட்டு மாமிக்குப் போன் எடுத்திருக்கிறான். மாமி கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"என்ன உடுப்புப் போட்டிருந்தது?"

"பெட்டி மூடியிருந்தது மாமி. எனக்குத் தெரியா."

"சரி மகன். பாத்து வா."

அவ்வளவுதான். முப்பத்தோராம் நாள் பாதரிடம் சொல்லிப் பூசை கொடுத்தோம். அதன் பிறகு மாமி தானாக அதைப் பற்றிப் பேச்சு எடுக்கவில்லை. மாமி அழுது நான் பார்த்ததில்லை. ஒழுங்கையில் எத்தனையோ பேரைக் குளிப்பாட்டியவர் சொந்தப் புருஷனைக் குளிப்பாட்டவில்லை என்பது எனக்கு அன்று டிவிக்கு முன்னால் இருந்தபோதுதான் முதல்முறையாக மனதில் பட்டது. அதுவரைக்கும் நான் அதை அப்படி யோசித்தே இருக்கவில்லை.

கிழவரைத் துணியில் சுற்றிக் கழுதையில் ஏற்றி, அவருடைய ஊருக்கு இறக்கிக் கொண்டுபோக வேண்டும். பாட்டு இல்லை, கழுதையின் மணிச் சத்தம் மட்டும். வழியில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு ஆள் வந்து பின்னால் சேர்ந்துகொள்கிறார். ஐந்தாறு பேர் சேர்ந்திருப்பார்கள், கரண்ட் போய்விட்டது.

மின்விசிறி நின்றதும் வீடு புழுங்கியது. அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு, "மாமி, வாங்க சாப்பிடுவம்" என்றேன்.

"பாதி வழியில வெச்சிட்டு என்னெண்டு சாப்பிடுற?"

இது கேம்தானே என்று வாய் வரைக்கும் வந்தது. நான் போய்ச் சாப்பிட்டேன். மாமி கறுத்துப் போன டிவிக்கு முன்னால் அந்த ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் இருந்தார்.

கரண்ட் வந்தது. கேம் அத்தியாயத்தின் தொடக்கத்துக்குப் போயிருந்தது. கிழவர் படுத்திருக்கிறார், அந்தப் பெண் மூன்று முறை கூப்பிடுகிறாள். எனக்கு எரிச்சல்.

"திரும்ப முதல்ல இருந்தா?"

"முதல் தரம் கால் வடிவாக் கழுவல்ல" என்றார் மாமி.

மறுபடியும் தண்ணீர். மறுபடியும் அதே சட்டை. இந்த முறை கரண்ட் போகவில்லை. ஊரில் ஒரு அத்திமரத்தடியில் குழி தோண்ட வேண்டும், ஒரு அழுத்தலுக்கு ஒரு மண்வெட்டி மண். மாமிக்கு மணிக்கட்டு நோகத் தொடங்கியது. கையை உதறிவிட்டு இடது பெருவிரலால் அழுத்தினார். நான் கை நீட்டினேன். "வேணாம்" என்றார். மூடி முடிந்ததும் திரை மங்கி, அடுத்த நாள் காலை. அந்தப் பெண் கழுதையில் உப்பு மூட்டையைக் கட்டுகிறாள். கயிற்றை இறுக்குகிறாள். முடிந்தது. கேமைச் செய்தவர்களின் பெயர்கள் ஓடத் தொடங்கின.

கழுவுவதிலிருந்து கயிறு இறுக்குவது வரைக்கும் நாற்பது நிமிடம் என்று பிறகு வாசித்தேன். மாமி அதைவிடக் கூட எடுத்திருப்பார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஊரை எரித்தது யார் என்று சொல்லவில்லை. கடிதத்தைக் கிழவரோடேயே புதைத்துவிட்டார்கள்.

"அந்தக் கடிதத்துல என்ன இருந்திருக்கும் மாமி?"

"எந்தக் கடிதம்?"

அவர் உண்மையாகவே மறந்திருந்தார். எழும்பிப் போய்ச் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டார், நன்றாகச் சாப்பிட்டார்.

அன்று மாலையே இணையத்தில் அந்த முடிவைக் கண்டித்து ஆங்கிலத்தில் நீளமாக எழுதினேன். கேள்வியைக் கிளப்பிய கதை பதிலைத் தர வேண்டும், இத்தனை நாள் நடக்க வைத்துவிட்டு ஒரு சவத்தைத் தூக்கச் சொல்வது முடிவாகாது என்று. பலர் ஆமோதித்தார்கள். எழுதியதை நான் இன்னும் அழிக்கவில்லை, கருத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை. என் பக்கத்துக் கதிரையில் நடந்ததைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரியும் எழுதவில்லை.

அடுத்த நாள் கணவர் ஏதோ துறைமுகத்திலிருந்து போன் எடுத்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்திருந்தோம்.

"கேம் முடிச்சிட்டம்" என்றேன்.

"முடிவு எப்பிடி?"

"நீங்கதான் முதலே முடிச்சிட்டீங்களே."

 

"கிழவன் எழும்பல்ல எண்டு விளங்கின உடன நிப்பாட்டிட்டன். பிறகு திறக்கல்ல."

மாமா இறந்த செய்தி கப்பலுக்குப் போனபோது அவர் கரை காண இன்னும் பதினொரு நாள் இருந்தது. அதைப் பற்றி அவர் என்னிடம் சொல்லியிருந்தது அந்தப் பதினொரு நாள் என்ற கணக்கு மட்டும்தான்.

மாமி போனை எடுத்து ஸ்பீக்கரை நிற்பாட்டிக் காதில் வைத்தார். "சாப்பிட்டயா மகன்?" என்று கேட்டார். பிறகு அங்கே மழையா, பல்லு நோவு சுகமா என்று கேட்டார். கேமைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு கிழமை கழித்து, மாமி இறால் உடைத்துக்கொண்டிருந்தபோது நான் கேட்டுவிட்டேன்.

"அதச் செய்தது உங்களுக்கு ஒரு ஆறுதலா இருந்துச்சா மாமி?"

அவர் தலை நிமிரவில்லை.

"என்ன ஆறுதல்? அது ஆரோ ஒரு கிழவன். நான் கழுவினது உங்கட மாமாவ இல்லையே."

 இன்னும் இரண்டு மூன்று இறாலை உடைத்த பிறகு சொன்னார்.

"எனக்கு ஒரு யோசினை இருந்த புள்ள. என்னை அங்க விட்டிருந்தாலும் என்னால ஏலாமப் போயிருக்குமோ எண்டு. மற்ற ஆக்கள் நூறு பேரச் செய்யலாம், சொந்த மனிசன எப்பிடித் தொடுற? அதான் கடவுளே என்னை அங்க விடல்லையோ எண்டெல்லாம் நினைச்சன்."

"இப்ப?"

"செய்திருப்பன்" என்றார். "விட்டிருந்தாச் செய்திருப்பன்."

சட்டியைக் கழுவக் கொண்டுபோனார்.

கணவர் விடுமுறையில் வந்து இரண்டு கிழமை ஆன பிறகு, காலைச் சாப்பாட்டில் மாமி, "ஓட்டமாவடிக்கு ஒருக்காப் போய் வருவமா?" என்று கேட்டார். ஒருக்காலும் கேட்காத கேள்வி. அதற்கு முன்னர் நாங்கள் கேட்டபோதெல்லாம் மண்ணைப் போய் என்ன பார்க்கிற என்று மறுத்தவர். அந்தக் கேம்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். மகன் பக்கத்தில் இருந்தது காரணமாக இருக்கலாம். மாரி தொடங்குவதற்கு முன்னர் போய்விட வேண்டும் என்று நினைத்திருக்கலாம்.

வான் ஒன்று பிடித்துப் போனோம். அண்ணன் எழுதிக் கொடுத்த இலக்கம் மாமியின் செபப் புத்தகத்துக்குள் இருந்தது. வரிசை வரிசையாக மண்மேடுகள், தலைமாட்டில் இலக்கமிட்ட கற்கள். பக்கத்தில் யார் யாரோ, எந்தெந்த ஊர்க்காரரோ. அங்கே நின்ற ஒருவர் இலக்கத்தைப் பார்த்து வரிசையைக் காட்டிவிட்டு ஒதுங்கிப் போனார்.

கணவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாமி குனிந்து மேட்டில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கத் தொடங்கினார். கொஞ்சம் பொறுத்து கணவரும் குந்தியிருந்து பிடுங்கினார். நான் இருவருக்கும் குடை பிடித்தேன். மாமி வேலை செய்தபடியே சாதாரணக் குரலில், "மகன் வந்திருக்கான். பின்மதில் விழுந்து போச்சு, திரும்பக் கட்டியாச்சு. எனக்குக் கை முறிஞ்சு சுகம்" என்று சொன்னார். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அழுததை நான் பார்த்தேன். மாமி பார்த்தும் பாராதது போல இருந்தார்.

ஓட்டமாவடிச் சந்திக் கடை ஒன்றில் தேநீரும் ரொட்டியும் சாப்பிட்டோம். ரொட்டி சூடாக இருந்தது. மாமி இன்னொன்று கேட்டு வாங்கினார்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கணவர் அந்தக் கேமைத் திறந்தார். அவர் நிற்பாட்டிய இடம் இன்னும் அப்படியே சேமிப்பில் இருந்தது. அதைத் தொடுவார் என்று சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தொடவில்லை. புதிதாக முதலிலிருந்து தொடங்கினார். மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கும்போது விடுமுறை முடிந்து கப்பலுக்குப் போனார்.