அண்ணனின் கேசட் கம்பெனியும் அழிந்த ஒப்பாரியும்

அண்ணன் போய் ஓராண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலருக்கு யாராவது எழுத வேண்டும் என்றார்கள். கூடப் பிறந்தவளாக மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான். எனக்கும் உடம்புக்கு முடியவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியது ஒன்று இருப்பதால் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், எட்டுக் காம்பிரா லய வரிசையில் ஓர் அறையில். பதுளை பஜாரில் ரேடியோ திருத்தும் கடையில் வேலை பழகி, அந்தக் கடையின் பின்னறையில் ‘கிளிவாணி’ என்று கேசட் கம்பெனி தொடங்கினார். நாங்கள் குடியிருந்ததும் அங்கேதான். சினிமாப் பாட்டைப் பிரதி எடுத்து விற்றிருந்தால் நன்றாகப் பிழைத்திருப்பார். தோட்டத்து ஆட்கள் பாடுவதைத்தான் பதிவேன் என்று ஒரே பிடிவாதம். பாடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள். எங்களுக்கு அன்றும் ஓய்வில்லை. அண்ணன் பதிவார், நான் பிரதி எடுத்து அட்டையில் பெயர் எழுதுவேன். கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. அப்பப்பா, அப்படி ஒரு சலிப்பு!

ஒருமுறை பூனாகலையில் ஒரு சாவு வீடு. கணவனை இழந்த ஓர் அம்மா பாடிய ஒப்பாரியை, அங்கிருந்த பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு அண்ணன் பதிந்து வந்தார். அதைக் கேசட்டாக வெளியிட்டது பெரிய தப்பு. யாரோ அதை பஸ்ஸில் போட, அந்த அம்மாவின் மூத்த மகன் கடைக்கே வந்துவிட்டார்.

“எங்க வீட்டு சாவ ஊரெல்லாம் விக்கிறீங்களா?”

“தப்புதாங்க, மன்னிச்சிருங்க” என்று அண்ணன் கை கூப்பினார். பண்டாரவளை வரை கடைகடையாக ஏறி இறங்கி, விற்காததையெல்லாம் திரும்ப வாங்கி எரித்தார். மூலப் பதிவை மட்டும் அலமாரியில் வைத்தார். “அந்தம்மா குரலு. நாம அழிக்கக் கூடாது” என்றார்.

அந்த மாதம்தான் எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். நல்ல காரியம் நடக்கப்போகும் வீட்டில் ஒப்பாரி இருக்கலாமா? அண்ணன் வெளியே போன நேரம் பார்த்து, அந்த மூலப் பதிவின் மேலேயே அம்மன் பாட்டைப் பதிந்துவிட்டேன். தோஷம் போய்விடும் என்று நினைத்த புத்தி! கல்யாணம் முடிந்த பிறகுதான் சொன்னேன். அண்ணன் திட்டவில்லை. இரண்டு நாள் பேசவில்லை, அவ்வளவுதான்.

சிடி வந்தது, போன் வந்தது, கம்பெனி படுத்துவிட்டது. அண்ணன் மறுபடியும் ரேடியோ திருத்தினார். சில வருடங்களுக்கு முன், அந்த அம்மாவின் கடைசி மகள் பாக்கியம் அவரைத் தேடி வந்தார். அதற்குள் தாயும் இறந்திருந்தார்.

“அம்மா குரலு வேற எங்கயும் இல்லீங்க ஐயா. அந்தப் பாட்டு இருக்குங்களா?”

நான் தேத்தண்ணீரோடு பக்கத்தில்தான் நின்றேன். அண்ணன் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “நான்தாம்மா அழிச்சேன். புத்தி கெட்டுப் போச்சு.”

பாக்கியம் அழுதுகொண்டே படி இறங்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. அதன்பின், விற்ற பிரதி ஒன்றாவது கிடைக்காதா என்று அண்ணன் முழங்கால் வலியோடு தோட்டம் தோட்டமாக ஏறினார். கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களிலும், “யாராச்சும் கொண்டாந்தாங்களா?” என்றுதான் கேட்டார்.

அங்கே இரவு பகலாக மாறி மாறி இருந்த பிள்ளைகளுக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய தோட்டத்து மக்களுக்கும், கடையை மூடிவிட்டு வந்து நின்ற பஜார் முஸ்லிம் சகோதரர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. இந்த மலரின் முதல் பிரதியை நானே பூனாகலைக்குக் கொண்டுபோய்ப் பாக்கியத்தின் கையில் கொடுப்பேன்.

பாக்கியம், உன் அம்மாவின் குரலை அழித்தது அண்ணன் இல்லை. நான்தான்.

— தங்கை