ஆரத்தித் தட்டில் கந்தகத் தண்ணீர்

மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்தே எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. அம்மாவின் தம்பி அவர். பட்டாசுக் கம்பெனியில் வேலை. சாத்தூர்ப் பக்கம் போனால் முதல் சேவுப் பொட்டலம் எனக்குத்தான். இருக்கன்குடி கோயிலுக்குப் போனாலும் பைக்கில் பின்னால் நான்தான். ஆனைக்குட்டத்துப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த பிறகு மனிதர் போனும் கையுமாகத் திரிந்தார். என்னைக் கூப்பிடக்கூட மறந்துபோனார். நான் அப்போது எட்டாம் வகுப்பு. ஒருத்தியைப் பார்க்காமலேயே வெறுக்க அந்த வயது தாராளம்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பள்ளியில் ஆக்சைடுகள் பாடம் நடந்தது. உலோக ஆக்சைடு தண்ணீரில் கரைந்தால் காரம், அலோக ஆக்சைடு கரைந்தால் அமிலம். சுண்ணாம்பு, கால்சியத்தின் ஆக்சைடிலிருந்து வருவது. அதனால்தான் மஞ்சளைச் சிவப்பாக்குகிறது என்று டீச்சர் மஞ்சள் தடவிய தாளில் காட்டினார். பிறகு ஒரு பாட்டிலுக்குள் கந்தகத்தை எரித்து, புகையைத் தண்ணீரோடு குலுக்கி, அதே தாளில் விட்டார். சிவப்பு போய்ப் பழையபடி மஞ்சளானது. வகுப்பே கைதட்டியது. எனக்கு மட்டும் ஆரத்தித் தட்டு ஞாபகம் வந்தது. அன்று லேப் கழுவும் முறை என்னுடையது. மிச்சத் தண்ணீரைக் கொட்டாமல் இறுக மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு பாடத்தை நான் அவ்வளவு அக்கறையாகக் கேட்டது அந்த ஒருநாள்தான்.

கல்யாணத்தன்று அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, செக்கச்செவேலென்று ஆரத்தியை வாசலோரம் வைத்திருந்தார். வேன் ஹாரன் கேட்டதும் எல்லாரும் தெருவுக்கு ஓடினார்கள். நான் பாட்டிலைக் கவிழ்த்து விரலால் கலக்கினேன். அவசரமாக வந்து தட்டைத் தூக்கிய அம்மா, ஜோடிக்கு முன்னால் நின்ற பிறகுதான் குனிந்து பார்த்தார். வெறும் மஞ்சள் தண்ணீர்.

“ஏ ஆத்தா, செவப்பு எங்கன போச்சு? பொண்ணு காலெடுத்து வைக்கும்போதா இப்படி ஆகணும்?” என்று மாமாவின் பெரியம்மா சத்தம் போட்டார். கூட்டம் மொத்தமும் பெண்ணைப் பார்த்தது. தட்டை ஒருவரும் சந்தேகப்படவில்லை. மாமா திருதிருவென விழித்தார். எனக்கோ உள்ளுக்குள் அப்படியொரு சந்தோஷம்.

பட்டாசுத் தொழிலே பிழைப்பான எங்கள் தெருவில் கந்தக வாடையை யாரும் வாடையாகவே நினைப்பதில்லை. புது அத்தை மட்டும் மூக்கைச் சுளித்தார். தட்டைப் பார்த்தார், பிறகு என் மஞ்சள் விரலைப் பார்த்தார்.

“மதினி, சுண்ணாம்பு பத்தலை போல. இன்னுங் கொஞ்சம் போட்டீகன்னா செவந்துரும்,” என்றார் அம்மாவிடம்.

போட்டார்கள், சிவந்தது. “அதான, நானும் அதைத்தான் நெனச்சேன்!” என்றார் பெரியம்மா, கொஞ்சமும் கூசாமல். எல்லாரும் சிரித்தார்கள்.

வலது காலை எடுத்து வைக்கும்போது அத்தை சட்டென்று என் கையைப் பிடித்து, கறைபட்ட விரல்களைத் தன் கைக்குள் மூடிக்கொண்டார். நான் உதறிப் பார்த்தேன், விடவில்லை. “அதுக்குள்ள ரெண்டு பேரும் சேக்காளி ஆயாச்சா?” என்று மாமா பல்லைக் காட்டினார். மாமாவைப் பிடுங்கியது போதாதென்று என் பாடத்தையும் பிடுங்கிக்கொண்டாளே என்று எனக்கு அழுகை முட்டியது.

அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது. விரல்கள் நடுங்கின. என்மேலுள்ள கோபம் என்றுதான் நினைத்தேன். பயத்திலும் கை நடுங்கும் என்பதும், அந்த வீட்டுக்குள் நுழைய அவர் துணைக்குப் பிடித்துக்கொண்டது என் கையைத்தான் என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை.