தாவரவியல் அட்டை போட்ட நாவல்

பிளஸ் டூ படித்த வருடத்தில் என் தோழி ஒரு நாவல் எழுதினாள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பேட்டையில் அவள் அப்பாவுக்கு லேத் பட்டறை. பன்னிரண்டாவது முடியும்வரை அவளைப் பள்ளிக்கு அனுப்ப அவர் ஒப்புக்கொண்டது ஒரு நிபந்தனையின் பேரில். பள்ளியிலிருந்து ஒரு புகார் வந்தாலும் அன்றோடு நிறுத்திவிடுவார். அவளுடைய அக்காவைப் பத்தாவதில் அப்படித்தான் நிறுத்தினார். தேர்வை மட்டும் எழுதிவிட்டால் எப்படியாவது அடம்பிடித்துக் கல்லூரிக்குப் போய்விடலாம் என்று அவள் நம்பினாள். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரியாது என்று இப்போது சொல்ல முடியாது. அந்த வருடத்து நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

எங்கள் வயதுக்கு அன்று புத்தகம் கிடையாது. வாடகை நூலகத்தில் ஒரு பக்கம் சிறுவர் கதைகள், மறுபக்கம் குடும்ப நாவல்கள். நடுவில் நின்ற எங்களுக்காக அவள் எழுதியது இருட்டான கதை. ஆற்றங்கரையில் ஓர் ஊர். சாயங்காலம் சங்கு ஊதியதும் பெண்பிள்ளைகள் வாசலில் வந்து நிற்க வேண்டும். இடுப்பில் சாவிக்கொத்து கட்டிய ஒருவர் தெருத்தெருவாக எண்ணிக்கொண்டு போவார். எண்ணிக்கை குறைந்தால் அந்தத் தெருவுக்கு மறுநாள் தண்ணீர் இல்லை. ஐந்து பெண்கள் கால்வாய் மதகு வழியாகத் தப்பி மலைக்குப் போகிறார்கள். அத்தியாயத்துக்கு ஒருத்தி சாகிறாள்.

கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அவள் எழுதிக்கொண்டு வருவாள். கோழி கிளறிய கையெழுத்து. நான் அதை ஒரு நீள நோட்டில் பிரதி எடுப்பேன். நீல மை, இடப்பக்கம் ஓரக்கோடு, மேலே பக்க எண். எடுத்து முடித்ததும் அவள் தன் தாள்களைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டுவிடுவாள். நோட்டுக்குப் பழுப்பு அட்டை போட்டு, 'தாவரவியல் செய்முறை' என்று எழுதி ஒட்டியவளும் நான்தான். உள்ளேயும் வெளியேயும் அவள் கையால் எழுதியது ஓர் எழுத்துகூட இல்லை.

சாப்பாட்டு வேளையில் நோட்டு கைமாறும். படித்தவர்கள் அவளிடம் சண்டைக்கு வருவார்கள்.

"இவளையும் கொன்னுட்டியாட்டி? போன அத்தியாயத்துலதான் இவளுக்குப் புதுச் செருப்பு கெடச்சுது."

"செருப்பு புதுசா இருந்தா சாவு வராதாக்கும்."

"ஒருத்தியாவது பொழைக்கட்டும், ஏளா. நீ என்ன எமனுக்கு அத்தை மவளா?"

"எல்லாரும் பொழைச்சா அது பொய்யில்லா," என்பாள் அவள்.

தை மாதக் கடைசியில் செய்முறைத் தேர்வு வந்தது. ரெக்கார்டு நோட்டுகளை டீச்சரின் கையெழுத்துக்காகத் திரட்டிக் கொடுப்பது வகுப்புத் தலைவியின் வேலை. நாவலை வாங்கி வைத்திருந்த பெண் அன்று விடுப்பு. நோட்டை மேசைக்குள்ளேயே விட்டுப் போயிருந்தாள். வகுப்புத் தலைவி மேசை மேசையாகத் துழாவியவள், அட்டையைப் பார்த்துவிட்டு, விட்டுப்போனது என்று அதையும் அடுக்கில் சேர்த்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நான் ஒட்டிய சீட்டு அவ்வளவு ஒழுங்காக இருந்தது.

மூன்றாம் பீரியடில் என்னைக் கூப்பிட்டார்கள். தாவரவியல் டீச்சர் நாவலை விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் என்னுடைய உண்மையான ரெக்கார்டு.

"இது ஒன் கையெழுத்துதானே?"

"ஆமா டீச்சர்."

"நீதான் எழுதுனியா?"

ஆமாம் என்று இன்னொரு தரம் சொல்லியிருந்தால் போதும். என் அப்பா தச்சநல்லூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியர். இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்திருப்பார், அவ்வளவுதான். அவளுடைய தாள்கள் சாக்கடையோடு போய்விட்டன. யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. இத்தனையும் அந்த நேரத்தில் எனக்கு வரிசையாகத் தோன்றியது.

"காப்பிதான் எடுத்தேன், டீச்சர்."

"அப்போ யாரு கதை?"

சொன்னேன்.

மறுநாள் அவள் அப்பா வந்தார். தலைமையாசிரியை அறையில் உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றபடியே சில பக்கங்களைப் படித்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கை இடுப்புக்குப் போய், அங்கே தொங்கிய பட்டறைச் சாவிகளைப் பிடித்துக்கொண்டது. நோட்டை மூடி மேசையில் வைத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஹால் டிக்கெட் வந்தபோது அவளுடையதைத் தாவரவியல் டீச்சரே என்னிடம் கொடுத்தனுப்பினார். பேட்டைக்குப் போனேன். அவள் அப்பாதான் கதவைத் திறந்தார்.

"அவ இனிமே வர மாட்டாம்மா. களக்காட்டுல மாப்பிள்ள பேசி முடிச்சாச்சு. நீ நல்லாப் படி. வெயில்ல மெனக்கெட்டு வந்திருக்கே, மோர் குடிச்சிட்டுப் போ."

மோர் கொண்டுவந்தவள் அவள்தான்.

"நான் சொல்லிருக்கக் கூடாதுட்டி," என்றேன்.

"இல்லாததையா சொன்னே? குடி. டம்ளர உள்ள கொண்டுபோகணும்."

குடித்து முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே நின்றார். ஹால் டிக்கெட்டை அவர்தான் வாங்கிக்கொண்டார்.

தேர்வு அறையில் எனக்கு முன் மேசை அவளுடையது. கண்காணிப்பாளர் அதில் வினாத்தாளை வைப்பார். அரைமணி நேரம் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு, வரவில்லை என்று குறித்துக்கொள்வார். முதல் நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு இரண்டு கேள்விகள் விட்டுப்போயின. அடுத்த தேர்விலிருந்து நான் வாசலைப் பார்க்கவில்லை. தாவரவியல் அன்று வந்த கண்காணிப்பாளரிடம் யாரோ முன்பே சொல்லியிருக்க வேண்டும். அந்த மேசையில் அவர் எதையும் வைக்கவில்லை.