மகள் மாதிரிப் பேசச் சொன்ன வங்கி

இன்று காலை எங்கள் செனாய் ஊரில் ஒரு பெரிய வங்கிக்கு, என் நிரந்தர வைப்பைப் புதுப்பிக்கப் போனேன். அங்கே பயிற்சிக்கு வந்திருந்த கல்லூரி மாணவி ஒருத்தி என்னை உட்கார வைத்தாள்.

"அப்பா, இந்த இன்சூரன்ஸ் எடுத்தாதான் எஃப்டிய புதுப்பிக்க முடியும்பா."

முன்பின் பார்த்திராத பெண். வாய் நிறைய அப்பா.

"அப்படி ஒரு விதி இருந்தா எழுதிக் கொடும்மா" என்றேன்.

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். அதற்குள் அவளுடைய அதிகாரி சிரித்தபடி வந்தார். அவரும் நம்மவர்தான், தமிழர்.

"அலமாக், ஐயோ, கட்டாயம்லாம் இல்ல சார். இந்தப் பிள்ள புதுசு லா, தப்பா சொல்லிட்டா."

நான் ஆசிரியராக இருந்தபோது, வகுப்பில் ஒரு பிள்ளை தப்பாக எழுதினால், முதலில் கரும்பலகையைத்தான் திரும்பிப் பார்ப்பேன். பாதி நேரம் தவறு அங்கேதான் இருக்கும்.

"யாரும்மா சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டேன்.

அவளுடைய பயிற்சி மதிப்பெண் அந்த மனிதர் கையில் இருக்கிறது. இருந்தும் சொன்னாள்.

"இவருதான் சார். தமிழ் பென்ஷன்காரங்கள அப்பா, அம்மான்னு கூப்பிடு, மக மாதிரி பேசினா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்கன்னு சொன்னாரு."

அப்பா, 'சார்' ஆகிவிட்டார். அதுவே எனக்கு மரியாதையாகப் பட்டது.

"உன் ரிப்போர்ட்ல நான்தான் கையெழுத்துப் போடணும், ஞாபகம் இருக்கட்டும்" என்றார் அதிகாரி, என் முன்னாலேயே.

புகார்ப் படிவம் வாங்கி, அந்த மிரட்டல் வாக்கியத்தையும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு பிரதி அவள் கல்லூரிக்கும் போகிறது.

அவளுக்கு அவர் எத்தனை மதிப்பெண் போடுவாரோ தெரியாது. அவருக்கு நீங்கள் போடுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே போட்டு எனக்குப் பழக்கமில்லை.